கொடியில் காயும் கையுறைகள்

காரமடை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கனிஷ்காவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது கை நீங்கலாக. அங்கே நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, உன் கைகள் நலமா என்றுதான் கேட்கிறேன். போனில் கேட்டால் ஒண்ணுமில்லீங்கம்மா என்று சொல்லி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். போன மாதம் வீடியோவில் நீ ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டாய். அது டென்மார்க் பழக்கம், நாம் ஏதும் சொல்லக்கூடாது என்றார் உன் அப்பா. நானும் விட்டுவிட்டேன், ஏனென்றால் என் கண் முழுக்க உனக்குப் பின்னால் ஜன்னலோரம் கட்டியிருந்த கொடியில் இருந்தது. நீ பட்டறையில் பசை வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கையுறைகளைக் கழுவி, கிளிப் மாட்டி, வரிசையாகக் காயப் போட்டிருந்தாய். ஒரு தடவை போட்டுவிட்டு எறிய வேண்டிய பொருளை என் மகள் கடல் தாண்டியும் துவைத்து வைத்திருக்கிறாள், நான் பால் கவரைக் கழுவிக் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்தது வீண் போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை அப்பா கெடுத்தார். மேல்தொட்டியில் பைப் கசிகிறது என்று எபாக்ஸி பசை வாங்கி வந்து அதிலுள்ள ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலக்கினார். கைக்கு என்ன போட்டார் என்கிறாய், திருமலைசாமி மாமா வீட்டுக் கல்யாணப் பந்தியில் பரிமாறியவர்கள் போட்டிருந்தார்களே மெல்லிசாகப் பாலிதீன் கையுறை, அதில் மிச்சமானதை ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்திருந்தார், அதைப் போட்டுக்கொண்டார். ஓரம் பிரிந்து பசை உள்ளே போயிற்று. அதைப் பெயின்ட் தின்னர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். பைப் இன்னும் கசிகிறது, கை சிவந்து கொப்புளம் போட்டுவிட்டது. வலது கையிலும் கொஞ்சம் பட்டிருந்ததால் இரண்டு நாளாக அவரும் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார். அவர் அதை நுனிவிரலால் பிடித்த விதத்தைப் பார்த்தபோதுதான் கண்ணு, நீ பிடித்த ஸ்பூன் எனக்குப் புரிந்தது.

தோல் டாக்டர் அப்பாவைப் பார்த்து, ஏனுங்க, ஜிலேபி எடுக்கறதுக்கும் ரெசினைத் தொடறதுக்கும் ஒரே கையுறைங்களா என்று கேட்டார். அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்தார். நான் உன் கொடியை மனதில் வைத்துக்கொண்டு, கழுவிப் போட்டால் ஆகாதா என்று விசாரித்தேன். அதற்கு அவர் சொன்னது இது: "ரெசின் பட்டுதுன்னா அதோட வேலை முடிஞ்சுதுங்க அம்மணி. தின்னர்ல கழுவுனா அது ரெசினையுங் கூட்டீட்டு உள்ள வருமுங்க. உடம்பு ஒருக்கா பகைச்சுக்கிச்சுன்னா ஆயுசுக்கும் மறக்காது, அப்புறம் பக்கத்துல போனாலே தடிச்சுப்போகும்." நம் பங்காளிகளை வைத்து நான் இதை உடனே புரிந்துகொண்டேன். அப்பா இனிமேல் பசையைத் தொடாவிட்டால் குடும்பத்துக்கு லாபம்தான். உனக்கு அப்படியில்லை. காற்றாலை இறக்கை ஒட்டும் வேலைக்குத்தான் போவேன் என்று எங்கள் எல்லோரையும் எதிர்த்து நின்று வாங்கிய வேலை, அதைக் கழுவின கையுறைக்காக நீ இழக்கக்கூடாது.

அதனால் டாக்டர் சொன்னதையே சொல்கிறேன், லேடெக்ஸ் என்கிற ரப்பர் கையுறை வேண்டாம், ரெசின் அதில் சீக்கிரம் ஊடுருவுமாம். நைட்ரைல் கையுறை வாங்கு, கொஞ்சம் தடிமனாக, மணிக்கட்டை மூடுகிற மாதிரி, உள்ளே பவுடர் இல்லாததாக. பசை பட்டவுடன் உள்புறம் வெளியே வரும்படி உரித்துக் குப்பையில் போடு. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், தின்னர் கூடாது. பட்டறையில் தருவது உன் கைக்குப் பெரியதாக இருந்தால், கொடுத்ததை வேண்டாம் என்பது மரியாதை இல்லை என்று நம் ஊர் வழக்கப்படி சிரித்துக்கொண்டு நிற்காதே. சின்ன சைஸ் இருக்குங்களா என்று கேட்க டேனிஷிலும் ஏதாவது வார்த்தை இருக்கும். உள்ளே வியர்க்கும் என்பதால் அப்பாவின் பழைய வேட்டியில் மெல்லிய துணி உறைகள் தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நைட்ரைலுக்குள் போட்டுக்கொள். சட்டென்று ஒட்டுமே அந்தச் சின்ன டியூப் பசை, அந்த வேலைக்கு மட்டும் துணி உறை கூடாது, பருத்தியில் பட்டால் சூடேறிப் புகைந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே ஒரு டாக்டரிடம் கையைக் காட்டு.

கொடியைக் காலி செய்துவிடு. நம் குடும்பத்தில் எதையும் தூக்கியெறிந்து பழக்கமில்லை, நீ ஆரம்பித்து வை. என் பால் கவர்கள் அப்படியே இருக்கும், அவற்றில் ரெசின் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்தபின் வருகிற ஞாயிறு வீடியோவில் முதலில் இரண்டு கையையும் முன்னும் பின்னும் காட்டு, எப்படி இருந்தாலும் மறைக்காமல் காட்டு. ஆறிய பிறகு ஒருநாள் ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிடு, நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். ஸ்பூன் தொடர்ந்து தெரிந்தால் அப்பா டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். வந்தால் அங்கேயும் எதையாவது ஒட்டுவார், யோசித்துக்கொள்.

உன் பத்து விரலும் ஆயுசுக்கும் நன்றாக இருக்கட்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டு,

அம்மா
(அப்பா கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை, ஆசி மட்டும் சொல்லச் சொன்னார்.)