அம்மாவுக்குக் கூட்டி எழுதிய ஆறு வயது

என்னைப் பெத்த அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. நல்ல சேதி சொல்லி ஆரம்பிக்கணும்னுதான் நினைச்சேன். முடியலம்மா. அவ்வளவு கோபம்.

உன் நினைவுநாளுக்குப் பத்திரிகையில படம் போடணும்னு நானும் தம்பி குணாவும் பேசினோம். படத்துக்குக் கீழே வயசு எழுதணும். ஐசியில, அதான் உன் அடையாள அட்டையில, இருக்கிற மாதிரி அறுபத்து நாலுன்னு போடச் சொன்னான் அவன். அம்பத்தெட்டுன்னேன் நான். அதுல பிடிச்சது சண்டை.

அவனுக்குத் தெரியாததா? உன் டிரங்குப் பெட்டியில ரெண்டு காகிதமும் இருக்கு. ஒண்ணு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில நீ ஆறாம் வகுப்பு முடிச்ச சான்றிதழ். இன்னொண்ணு, அதே வருஷம் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி எழுதின கடுதாசி. இந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயசு, வேலைக்கு எடுத்துக்கலாம்னு இருக்கு. கீழே தாத்தாவோட கைநாட்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை நீ, அந்தக் கடுதாசியை வெச்சே ஐசியும் எடுத்துட்டாங்க. பன்னெண்டு வயசுல, விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நின்னு பேர் கொடுத்து, ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தியைப் பிடிச்சிருக்கே.

குணா இப்போ லூனாஸ்ல ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போறான், ஞாயித்துக்கிழமை பாடமும் எடுக்கிறான். அவன் சாமி அவனுக்கு, அதுல எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல. அங்க ஒரு பாடமாம்: உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷந்தான் ஆகுது. மலைக்கல்லு கோடி வருஷப் பழசாத் தெரியுதேன்னு கேட்டா, கடவுள் படைக்கும்போதே பழசாத் தெரியுற மாதிரி படைச்சாராம். ஆதாமை முதல் நாளே வளர்ந்த ஆம்பளையாப் படைக்கலையா, அப்படி. தெரியுற வயசு வேற, இருக்கிற வயசு வேற.

"ஆண்டவரே வயசைக் கூட்டிப் படைச்சிருக்கார். அது பொய்யில்லன்னா, தாத்தா கூட்டினதும் பொய்யில்லக்கா. விடு லா"ன்னான்.

எப்படிம்மா விடறது? வளர்ந்த மரத்தைப் படைச்சார்னு வெச்சுக்குவோம், பழம் வேணும், நிழல் வேணும். கத்தியே படாத ரப்பர் மரத்துல வெட்டுத் தழும்பு எதுக்குடான்னு கேட்டேன். தாயே இல்லாத ஆதாமுக்குத் தொப்புள் எதுக்கு? நடக்காததை நடந்த மாதிரி காட்டுறதுக்கு என்ன பேரு? கடவுளோட வழி நமக்குப் புரியாதுன்னான். சரி, கடவுளுக்கு அது இருக்கட்டும். கிராணிக்கும் அதே சலுகையா? ஆதாமுக்கு வயசைக் கூட்டினவர் தோட்டத்தைக் கொடுத்தார். உனக்குக் கூட்டினவன் கத்தியைக் கொடுத்தான்.

உன் முகத்துல தெரிஞ்ச வயசு யாரும் படைச்சு வெச்சதில்லம்மா. வெயிலும், களைக்கு மருந்து அடிச்சதும் வருஷா வருஷம் போட்டது. சாவு வீட்டுக்குப் புக்கிட் செலம்பாவிலிருந்து வந்த சொந்தக்காரங்க, எண்பது இருக்கும், கல்யாணச் சாவுன்னு சொன்னாங்க. அம்பத்தெட்டு வயசுக்குக் கல்யாணச் சாவா? அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். தலையாட்டிட்டு நின்னேன். என்மேலயுந்தான் கோபம்.

பத்திரிகை ஏஜெண்ட் நல்ல மனுஷர். ஐசி வயசை மாத்திப் போடணும்னா பிள்ளைங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கன்னார். குணா மாட்டேன்னுட்டான். தாத்தா பேரு கெட்டுடுமாம். தாத்தாவை நான் திட்டவே இல்லையே. ஆறு வயிறு பசிச்ச வீட்டுல, வேற வழி தெரியாம வெச்ச கைநாட்டு அது. அதுக்காக, அந்தப் பொய்யை நானும் திருப்பி எழுதணுமா?

கடைசியா ஒண்ணு கேட்டேன்.

"உன் மகளுக்கு இப்போ பன்னெண்டு. ஆறைக் கூட்டி நாளைக்கு வேலைக்கு அனுப்புடா. பொய்யில்லதானே?"

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு மோட்டார்ல ஏறிப் போயிட்டான். இன்னும் பேசல.

அதனாலதான் இதை நாலு பேர் படிக்கிற இடத்துல எழுதறேன். இதுக்கு அவன் கையெழுத்து வேண்டியதில்ல. படிக்கிறவங்க கேட்டுக்குங்க: எங்கம்மா செத்தப்போ அவளுக்கு வயசு அம்பத்தெட்டு. மிச்ச ஆறு வருஷம் அவ வாழவே இல்ல.

இந்த நினைவுநாளுக்கு உன் படத்துக்குக் கீழே வயசே போடலம்மா. குணா என்னைக்குக் கையெழுத்துப் போடறானோ அன்னைக்கு அம்பத்தெட்டுன்னு வரும். அதுவரைக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் அந்த இடம் காலியா இருக்கும், அறுபத்து நாலு வராது. சத்தியம்.

உன் மூத்த பிள்ளை,
குணாவுக்கு இன்னமும் அக்கா,
சாந்தி