வியன்னா பஸ்

ஞாயிறு இரவு, வியன்னா

கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்று காலை மகளின் பிறந்தநாளுக்குச் சுவிஸில் திரிம்பாக் கோயிலில் நின்றபோது முதலாளி அழைத்தார். வியன்னா போகும் மலிவு விமானம் ஒன்றை ரத்துச் செய்துவிட்டார்களாம். அந்தப் பயணிகளை நான் ஓட்டும் பஸ்ஸில் ஏற்ற வேண்டுமாம். அர்ச்சனை முடியுமுன், பஸ் புறப்படும் சூரிச்சுக்கு ஓடினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த விமானங்கள் ஆட்களைப் பறித்ததால்தான் எங்கள் வியன்னா சேவையே இந்த மாதத்தோடு நிற்கப்போகிறது. சாய்ந்து படுக்கும் இருக்கை, கோப்பி, கழிப்பறை எல்லாம் இருந்தும் பாதி பஸ் வெறுமையாகத்தான் ஓடியது. இன்று ஓர் இடமும் மிஞ்சவில்லை.

எனக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பெண் வழி முழுக்க முணுமுணுத்தாள்.

"பிளேன் எண்டா எப்பவோ இறங்கியிருப்பன், அண்ணை. இது பொழுதுபடத்தான் போகும்."

"ஓம் தங்கச்சி. ஆனா பஸ் வந்தது."

வியன்னாவில் எல்லோரும் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கினார்கள். அவள் மட்டும் நின்று போனைக் காட்டினாள். "அடுத்த மாதம் திரும்பிப் போகவும் அதே பிளேனுக்குத்தான் டிக்கெட் போட்டிருக்கிறன், அண்ணை. நல்ல மலிவு."

"அப்பவும் அது நிண்டா ஏத்த நாங்கள் இருக்கமாட்டம்," என்றேன்.

பகிடி என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே போனாள்.