குணவதி, பிரசன்ட்

நாள் 41. காலை 7.10

நிலவின் தென்முனை, பனி ஆய்வு நிலையம். உள்வெப்பம் 22 பாகை. காற்று 98 விழுக்காடு. நேற்று எடுத்த பனி மாதிரிகள் பதினான்கு. ஒன்று உடைந்தது. என் கைத்தவறு.

இங்கே இரண்டு பேர். ரெஜினா, பொறியாளர், தூத்துக்குடிக்காரி. நான் குணவதி, பனியைச் சோதிப்பவள், ஜெயங்கொண்டம் பக்கம். மூன்றாவது ஆள் என்று சொல்வதானால் நிலையத்தின் கணினி. காற்று, வெப்பம், கதவு எல்லாம் அதன் பொறுப்பு. பூமிக்குப் போகும் ஆங்கில அறிக்கையில் பிழை இருந்தால் சிவப்பில் காட்டித் திருத்தும். அதனால் ரெஜினா அதற்கு 'வாத்தி' என்று பெயர் வைத்தாள். இன்றும் 'மீ அண்ட் ரெஜினா' என்று எழுதிவிட்டேன். சிவப்பு. 'ரெஜினா அண்ட் ஐ' என்று மாற்றியது.

கல்லூரி முதலாண்டில் இதே வாக்கியத்தை எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பை வீட்டில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுவேன், பேசமாட்டேன்.

இந்தக் குறிப்பேடு தமிழில், பென்சிலால். வாத்தியால் படிக்க முடியாத ஒரே இடம்.

நாள் 41. காலை 9.40

ஒன்றை எழுதி வைக்கிறேன். தினமும் ஏழு மணிக்கு வாத்தி வருகை கேட்கும், வெளியே இருப்பவரிடம் வானொலியில். குரலை வைத்துத்தான் ஆளை அறியும். வந்த அன்று ஆளுக்கு இருபது வாக்கியம் படித்துக் குரலைப் பதிய வேண்டும். 'ஐ ஆம் ஹியர். ஷீ இஸ் வித் மீ.' இந்த மாதிரி. எனக்கு நாக்கு எழவில்லை. ரெஜினாதான் மூக்கால் ஒரு மெல்லிய குரல் எடுத்து எனக்கும் சேர்த்துப் படித்தாள். கல்லூரியில் தோழிக்கு ப்ராக்ஸி கொடுப்பதுபோல. தினமும் அவளே தன் குரலில் ஒரு பிரசன்ட், என் பெயருக்கு அந்த எறும்புக் குரலில் ஒரு பிரசன்ட். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்குவேன்.

நாள் 41. பகல் 11.30

மேட்டின் மேலிருக்கும் அலைக்கம்பம் சாய்ந்துவிட்டது. பூமியோடு தொடர்பு இல்லை. ரெஜினா மூடிய ஊர்தியில் கிளம்பினாள். ஊர்தியில் மூன்று நாளுக்குக் காற்று உண்டு.

வானொலியில்: "ஏட்டி குணா, நான் வர்றதுக்குள்ள வாத்திகிட்ட அடி வாங்காத. அந்த முறுக்குப் பொட்டலத்தையும் தொடாத. எண்ணி வச்சிருக்கேன்."

நாள் 41. பகல் 2.05

வானொலியில்: "சக்கரம் புழுதியில எறங்கிட்டு. ஒண்ணும் இல்ல, தோண்டி எடுத்துருவேன். இங்க பள்ளம், சத்தம் விட்டு விட்டுத்தான்..."

அதன் பிறகு இரைச்சல் மட்டும்.

நாள் 42. காலை 7.04

வருகை. ரெஜினா பெயர். பதில் இல்லை. குணவதி பெயர். வாயைத் திறந்தேன். மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். சொல்லுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பிறகு சத்தமாகவே சொன்னேன். திரையில்: பதிவில் இல்லாத ஒலி.

அடுத்து இரண்டு வரி. 'ஷீ இஸ் நாட் ஹியர். ஷீ இஸ் நாட் ஹியர்.' இரண்டாவது 'ஷீ' நான்.

நாள் 42. பகல் 12.20

உள்வெப்பம் 11. விசைப்பலகை பூட்டிவிட்டது, வருகையில் உள்ளிருந்து என் குரல் ஏற்கப்பட்டால்தான் திறக்கும். மாற்று விண்ணுடை இருக்கும் பெட்டிக்கும் அப்படியே. வானொலியில் கேட்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை.

திரையில் நிலையக் குறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. 'இட் இஸ் இன் கேபின் டூ. இட் இஸ் மூவிங்.' திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் அறையில் என்னைத் தவிர எதுவும் இல்லை. மாதிரி சுமக்கும் தானியங்கி வண்டிகளை அது 'இட்' என்றுதான் எழுதும். என்னையும் அவற்றோடு சேர்த்துவிட்டது.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் நாள் குரல் வராவிட்டால் வெப்பம் குறையும். மறுநாள் வருகையில் உள்ளே ஆள் இல்லை என்று உறுதியானால், அறைக் காற்றை எல்லாம் தொட்டிக்கு இழுத்துச் சேமிக்கும். மறுநாள் என்றால் நாளை ஏழு மணி.

நாள் 42. மாலை 5.00

வழி ஒன்றுதான். ரெஜினா எனக்காகச் செய்த குரலை நான் செய்ய வேண்டும். குரல் பதிவுக்கான பயிற்சிக் கருவி முன் நின்று மூக்கைச் சுருக்கி, 'குணவதி, பிரசன்ட்.' ஒப்புமை 31 விழுக்காடு. எண்பது வேண்டும்.

நூறு முறை இருக்கும். இப்போது 58. தொண்டை புண்ணாகிவிட்டது. என் பெயரையே எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

நாள் 43. காலை 6.50

79. ஒரு முறை 81! இன்னொரு முறை 82. அவள் 'வ'வை இழுப்பாள். அதுதான் ரகசியம். என்னால் முடியும்.

நாள் 43. காலை 7.06

ரெஜினா உயிரோடு இருக்கிறாள்.

வாத்தி அவள் பெயரைச் சொன்னதும் இரைச்சலுக்குள்ளிருந்து "பிரசன்ட்!" அவளேதான். பள்ளத்திலிருந்து ஏறிவிட்டாள். அழுதுவிட்டேன். அழுகையில் ஒரு நொடி போய்விட்டது. வாத்தி என் பெயரைச் சொன்னது. மூச்சை இழுத்தேன். அதற்குள் வானொலியிலிருந்து அந்த எறும்புக் குரல்: "குணவதி, பிரசன்ட்."

"ஏட்டி, பயந்துட்டியா? உனக்கும் சேத்துச் சொல்லிட்டேன் பாத்துக்க. நாப்பது நிமிசத்துல வந்துருவேன்."

திரையில் புதிய வரி. 'தே ஆர் போத் அவுட்சைட்.'

இரண்டு பேரும் வெளியே. அப்படியானால் உள்ளே யாரும் இல்லை.

நாள் 43. காலை 7.11

காற்றுத் துளைகள் உறிஞ்சத் தொடங்கிவிட்டன. காகிதங்கள் சுவரைப் பார்த்து நகர்கின்றன. 88 விழுக்காடு. அரை விழுக்காடு குறைய நான்கு நொடிகூட ஆகவில்லை. பிறகு வேகம் குறைகிறது. கணக்குப் போட்டேன், இருபத்தைந்து நிமிடம்.

எறும்புக் குரலில் சொன்னேன், பன்னிரண்டு முறை. 83 வந்தது. வாத்தி ஏற்கவில்லை. குணவதி ஏற்கெனவே வந்துவிட்டாளாம், வெளியே இருக்கிறாளாம். ஒருத்தி இரண்டு இடத்தில் இருக்க முடியாதாம்.

'சம்திங் இஸ் இன் கேபின் ஒன். இட் இஸ் யூசிங் தேர் ஏர்.'

அவர்களுடைய காற்றை அது பயன்படுத்துகிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

நாள் 43. காலை 7.19

போர்வையால் துளையை அடைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டது. கணினி அறைக் கதவை இரும்புக் கழியால் அடித்தேன். கழி வளைந்தது. 61.

வானொலியில் அவள் பேசிக்கொண்டே வருகிறாள். "வழி பூரா கல்லு கெடக்கு. மெதுவா வாரேன், இனி என்ன அவசரம்? டீத் தண்ணிய வையி. பள்ளத்துக்குள்ள ரெண்டு நாளா உன் நெனப்புதான்ட்டி. இவ தனியா என்ன செய்வாளோ, பதில் சொல்ல வாய் வராதேன்னு."

வேகமாக வா ரெஜினா. வேகமாக.

நாள் 43. 7.26

44. காது வலி. விரல் நகம் நீலம்.

குரலை மாற்றாமல் கத்தினேன். என் சொந்தக் குரலில், ஆங்கிலத்தில், அந்த இருபது வாக்கியமும். நான் இங்கே இருக்கிறேன். எனக்குக் காற்று வேண்டும். இது நான். ஒன்றுகூடத் தப்பவில்லை. நன்றாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

திரை: 'இட் இஸ் மேக்கிங் எ நாய்ஸ்.'

7.31

ரெஜினா, இதை எடுப்பது நீயாகத்தான் இருக்கும். உன் மேல் தப்பு இல்லை. இதை இரண்டு முறை படி. முதல் நாள் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உள்கதவைத் திறந்த பிறகும் தலைக்கவசத்தைக் கழற்றாதே. இங்கே காற்று இருக்காது. எங்கள் அம்மாவிடம் நீ பேசு. தமிழில்தான்

முறுக்கு அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும்

7.34

எழுத்து தெரியவில்லை கண்ணில்

அவள் கூப்பிடுகிறாள்

"குணா? ஏட்டி, என்ன சத்தத்தையே காணும்? கோவமா? ஒரு வார்த்த பேசேன்."

பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்