குரல் இல்லாத பக்கம்

லூயிஷாம், லண்டன்
4 மார்ச் 1978, சனி

அன்புள்ள டோரெட்,

முதலில் என் காதில் விழுந்தது ஒரு சின்ன 'டிக்' சத்தம். மிட்டாய் பல்லில் தட்டுகிற சத்தம். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இசைத்தட்டுக் கடை வாசலில், அம்மா வாங்கிவரச் சொன்ன வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே புதுத் தட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் முதல் சரணத்தை முடித்தாள். இரண்டாவதற்கு மூச்சை இழுத்தாள். அதற்குச் சற்று முன்னால் 'டிக்'.

அந்த மிட்டாயை எனக்குத் தெரியும். கறுப்பு இருமல் மிட்டாய். அது என் வாயில் இருந்தது.

டோரெட், அது நம்முடைய 'முப்பத்தாறாம் நம்பர் பஸ்' பாட்டு. பாடுவது நான்.

போன அக்டோபரில் மிஸ்டர் லிவிங்டனின் நிலவறை ஸ்டூடியோவில் நடந்ததை நினைத்துப் பார். பாட வந்தவள் நீ. பாட்டை எழுதியவள் என்பதால் மெட்டைக் காட்ட வந்தவள் நான். "ஒரு தடவ நீ பாடும்மா, இவ கேட்டுப் பழகட்டும். அப்புறம் அழிச்சிடுறேன்" என்றார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து நின்று பாடினேன். எனக்குச் சளி, அதனால்தான் மிட்டாய். பிறகு நீ நான்கு தடவை பாடினாய். உன் பாட்டு எப்போது வெளிவரும் என்று பேசிக்கொண்டே சிப்ஸ் தின்றபடி வீட்டுக்கு நடந்தோம்.

கடைக்குள் இரண்டு பெண்கள், "யாருண்ணே பாடுறது?" என்று கேட்டார்கள். கடைக்காரர் தட்டைத் தூக்கிக் காட்டினார். நடுவில் வெறும் வெள்ளைக் காகிதம். "பேர் போடல. யாரோ என்னவோ, திரும்பத் திரும்பக் கேக்கச் சொல்லுது" என்று சொல்லி, ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்தார்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது கையில் வாழைக்காய் இல்லை. எங்கே விட்டேன் என்று இதுவரை தெரியவில்லை.

மிஸ்டர் லிவிங்டன் தவறுதலாக உன் பாட்டை அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டிருக்கிறார். உனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும்! நீ உடனே அவருக்கு எழுது. பர்மிங்காமில் உன் அத்தை நலமா?

உன்
மெர்

&nbsp;

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்காம்
10 மார்ச் 1978

என் செல்ல மெர்,

முதலில் மூச்சு விடு. வாழைக்காய்க்காக உன் அம்மா உன்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார் என்று தெரியும். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள்.

நீ நினைத்தது சரிதான், டேப் மாறிவிட்டது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஐநூறு தட்டு அடித்தாகிவிட்டது, இனி என்ன செய்வது? அடுத்த முறை என் குரலைப் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். அதுவரை நீ யாரிடமும் மூச்சுவிடாதே. அந்த 'டிக்' என்னவென்று யாருக்கும் தெரியாது. இங்கே ஒருவன் அதைப் புதுவகைத் தாளம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்!

அத்தை நலம். குளிர்தான் தாங்கவில்லை. அடுத்த வாரம் பத்திரிகையில் என் படம் வரும். கிழித்துச் சுவரில் ஒட்டிவை.

முத்தங்களுடன்
டோரெட்

&nbsp;

லூயிஷாம்
2 ஏப்ரல் 1978, ஞாயிறு

அன்புள்ள டோரெட்,

படத்தைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி உனக்கு அழகாக இருக்கிறது. இப்போது தட்டின் நடுவில் வெள்ளைக் காகிதம் இல்லை. 'டோரெட் ஹனி' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லாரும் அதைத்தான் பாடுகிறார்கள். ஈனிட் அக்கா போர்வையை மடித்துக்கொண்டே, "இந்தப் பொண்ணு பாடுனா போன மாசம் என்னை விட்டுட்டுப் போனவன் ஞாபகம் வருதுடி" என்றார். "போன மாசம் போனவனா? அதுல எத்தனாவது ஆளு?" என்று மற்றவர்கள் கேட்க, ஒரே சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "மெர்லீன், அவ உன் கிளாஸ் பொண்ணுதான? நீ ஒரு வரி பாடேன், பார்ப்போம்."

போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். "விடுங்கடி பாவம், அவளுக்குப் பேச்சே வராது, பாட்டு எங்க வரும்?" என்றார் ஈனிட் அக்கா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

நேற்று மிஸ்டர் லிவிங்டனைப் பார்க்கப் போனேன். வாசல் மணியை அழுத்தவே அரை மணி நேரம் ஆனது. "டேப் எப்படி மாறிச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ கொடுத்தார்.

"டேப் மாறலயேம்மா. ரெண்டையும் போட்டுக் காட்டுனேன். உன் கூட்டாளிதான் சொன்னா, 'மெர்லீன் குரலப் போடுங்க, என் மூஞ்சியப் போடுங்க, அவ வாயத் திறக்கமாட்டா'ன்னு. உனக்கும் சம்மதம்னு சொன்னாளே?"

டீ சூடாக இருந்திருக்க வேண்டும். நாக்கு இன்னும் எரிகிறது. குடித்தது எனக்கு நினைவில்லை.

டோரெட், அவர் பொய் சொல்கிறார், இல்லையா? ஒரு வரி எழுது, போதும்.

மெர்

&nbsp;

ஹேண்ட்ஸ்வொர்த்
9 ஏப்ரல் 1978

மெர்லீன்,

அவர் பொய் சொல்லவில்லை. போதுமா?

அவர் இரண்டு டேப்பையும் போட்டுக் காட்டியபோது உன் குரலைக் கேட்டேன். நான்கு தடவை பாடியும் எனக்கு வராத ஒன்று, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பாடிய உனக்கு ஒரே தடவையில் வந்தது. நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிவிடுவாய். அந்தப் பாட்டு நிலவறையிலேயே கிடந்து செத்துப்போயிருக்கும்.

பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் பெயர் கூப்பிடும்போது உன் வாயிலிருந்து ஒரு சொல் வராது. புது டீச்சர் வந்தால் உனக்குக் காய்ச்சலே வந்துவிடும். "இவ பேரு மெர்லீன், மிஸ். வந்திருக்கா, மிஸ்." ஐந்து வருஷம் உன் இடது பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னது யார்? நான் சிற்றம்மை வந்து படுத்த வாரம் நீ பள்ளிக்கே போகவில்லை. பிறகு பரீட்சைக்கு முன்பே மொத்தமாக நின்றுவிட்டாய். உனக்கு வாயாக இருந்தவள் நான். இப்போது மட்டும் என்ன?

டோரெட்

&nbsp;

ஹேண்ட்ஸ்வொர்த்
8 மே 1978

மெர், என் கண்ணே,

ஒரு மாதமாக நீ எழுதவில்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

சனிக்கிழமை பிரிஸ்டலில் நடந்ததை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் வாயசைத்தே பழகிவிட்டேன். தட்டில் குரல் உள்ள பக்கத்தைப் போட்டால் போதும் என்று எல்லா இடத்திலும் மிஸ்டர் லிவிங்டன் முன்கூட்டியே சொல்லிவைப்பார். பிரிஸ்டல்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டார். நம் ஆட்களின் நடன அரங்கில் பாடகி நேரில் வந்து நின்றால் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? நானே மறந்துபோனேன், பார்.

தட்டு போடுகிறவர் என்னை அறிமுகம் செய்தார். கைதட்டல். அப்புறம் வழக்கப்படி தட்டைத் திருப்பினார். மறுபக்கத்தில் அதே டிரம், அதே பேஸ். குரல் இல்லை. மைக்கை என் கையில் கொடுத்து, "பாடு தங்கச்சி" என்றார்.

பாடினேன், மெர். என் சொந்தக் குரலில். இரண்டு வரி. முன்னால் நின்ற ஒருத்தி, "இது யாருடி? அந்தப் பொண்ணு எங்க?" என்று கத்தினாள். அந்தப் பொண்ணு எங்க, அந்தப் பொண்ணு எங்க என்று அரங்கமே கேட்டது. ஊசியைத் தூக்கிவிட்டார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அரங்கின் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது என் பற்கள் தந்தியடித்தன. பயத்தில் அப்படி நடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தினமும் இப்படித்தான் இருந்ததா?

மே 27, லூயிஷாமில், பிக் ஹெக்டரின் சவுண்டில், அவர் தட்டுப் போட்டு நடத்தும் நடன இரவில், நான் பாட வேண்டும். நம் ஊர். அங்கேயும் விழுந்தால் எல்லாம் முடிந்தது. ஹெக்டரின் ஒலிப்பெட்டிகள் பீரோ உயரம் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் நீ நின்றுகொள். இரண்டாவது மைக்குக்கு மிஸ்டர் லிவிங்டன் ஏற்பாடு செய்கிறார். இருட்டு. உன் எதிரே சுவர் மட்டும்தான். உனக்குப் பிடித்த மாதிரியே. ஒருவரும் உன்னைப் பார்க்கமாட்டார்கள்.

வருவாய் என்று நம்புகிறேன். இந்த ஒரு முறை.

உன்
டோரெட்

&nbsp;

லூயிஷாம்
21 மே 1978, ஞாயிறு

அன்புள்ள டோரெட்,

27ஆம் தேதி பெட்டிக்குப் பின்னால் நிற்க நான் வரமாட்டேன். கடிதத்தின் கடைசிவரை உன்னைக் காக்கவைக்க மனமில்லை, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீ பிரிஸ்டல் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். பற்கள் அடித்துக்கொள்வது ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். வெந்நீர் குடித்தால் சீக்கிரம் நிற்கும். இது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

பெயர் கூப்பிடும்போது நீ எனக்காகச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அப்போது நீ என் பெயரைச் சொன்னாய், டோரெட். உன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு மாதமாக உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஒன்றுதான் வந்தது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

நேற்று மத்தியானம் வேலை முடிந்து, நீ பாடப்போகும் அந்த அரங்குக்குப் போனேன். ஹெக்டரின் ஆட்கள் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கதவுகள் திறந்து கிடந்தன. நல்ல வெயில். இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஹெக்டரே என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, டான்ஸ் ராத்திரிதான். இப்பவே வரிசையில நிக்கிறியா?"

பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினேன். அவர் பார்த்தார். "இதுவா? இது எங்கிட்ட மூணு இருக்கு. அடுத்த வாரம் அந்தப் பொண்ணே வருது." நான் அவர் கையிலேயே தட்டைப் புரட்டி, குரல் இல்லாத பக்கம் மேலே வரும்படி வைத்தேன். பிறகு மைக்கைக் காட்டினேன்.

"இதுக்கு வாய் இருக்கா, இல்ல கை மட்டும்தானா?" என்றான் பெட்டி தூக்கிய ஒருவன். "ஹெக்டரண்ணே, மைக்க எப்படியும் சோதிக்கணும்ல. போட்டு விடு, சிரிக்கலாம்" என்றான் இன்னொருவன்.

போட்டார். டிரம் தொடங்கியதும் தரை என் காலில் ஏறியது. நான் ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். வெயில் முதுகில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

முதல் சரணம் முழுவதும் பின்னால் அவர்கள் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது சரணத்துக்கு மூச்சை இழுத்தேன். 'டிக்'.

இழுக்கிற சத்தம் நின்றது.

ஊசியைத் தூக்கினார்கள். டோரெட், உனக்கு நடந்ததுதான் எனக்கும் என்று நினைத்தேன். அப்போது ஊசி ஆரம்பத்தில் போய் உட்காருகிற சத்தம் கேட்டது. பெட்டி தூக்குகிறவர்கள் 'மறுபடி, மறுபடி' என்று உள்ளங்கையால் பெட்டிகளை அடிக்கத் தொடங்கினார்கள். மறுபடி பாடினேன். முழுதும் பாடினேன்.

முடிந்தும் நான் திரும்பவில்லை. ஹெக்டர் நடந்து வந்து எனக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். அவ்வளவு பெரிய மனிதர், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அப்ப அது நீயா?" என்றார். நான் தலையாட்டினேன்.

"யாரு பெத்த பிள்ள நீ? உன் பேரென்ன?"

நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். ஒரு பெட்டிதான் இருந்தது.

மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மைக் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்காமலே, நானே சொன்னேன்.

மெர்லீன் பின்னாக்