கடலைக் கொல்லைக்கு ஒரு ரேடியோ

1963 ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் வல்லத்திராக்கோட்டைக் கொல்லையில் முதல் களை தொடங்கியது. ஆடி பிறந்த அன்று விதைத்த கடலை நன்றாகவே முளைத்திருக்கிறது. கோரை அதைவிட நன்றாக முளைத்திருக்கிறது. பஸ்ஸில் திருக்கோகர்ணம் வந்து இறங்கும்போது சேலை முழுக்கச் செம்மண்.

வீட்டில் ஒரு கார்டு காத்திருந்தது. திருச்சி வானொலி நிலையத்திலிருந்து. சித்திரைக் கடைசியில் அவர்கள் வண்டியும் பதிவு இயந்திரமுமாக வல்லத்திராக்கோட்டைக்கு வந்து நாட்டுப்பாட்டுகளைப் பதிந்துகொண்டு போனார்கள். நம் களைக் கூட்டத்துச் செங்கமலம் எல்லாருக்கும் பின்னால் ஒளிந்து நின்றாள். அவளை முன்னே தள்ளியது நான்தான். அவள் பாடியது இம்மாதம் 28ஆம் தேதி, புதன்கிழமை, நண்பகல் மாதர் நிகழ்ச்சியில் வருகிறதாம்.

போட மாட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

செங்கமலத்திடம் சொன்னேன். களைக்கொத்தை நிறுத்தவில்லை. "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றாள், மண்ணைப் பார்த்தபடியே.

நிமிர்ந்தது மூக்காயி. கூட்டத்துக்கு மூத்தவள், எதிலும் முதல் வார்த்தை அவளுடையது. "ஏத்தா, அப்ப சேவுகன் வசமா மாட்டுனான்."

சேவுகன், செங்கமலத்தின் புருஷன். பாட்டுப் பதிய வந்தவர்கள் சும்மா பொழுதைப் போக்கிவிட்டுப் போனார்கள் என்பது அவன் கட்சி. "ஒன் பாட்டு ரேடியோவுல வந்துச்சுன்னா, அன்னையிலேருந்து ஒன்னைய வாங்க போங்கன்னு கூப்புடுறேன்" என்று கிணற்றடியில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறான். அதிலிருந்து ஊர் முழுக்க அவளைப் பாட்டுக்காரி என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறதாம். இந்தக் களைக்கு அவள் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் அவள் பாட்டுக்குத்தானே மற்றவர்கள் கொத்துப் போட்டார்கள்?

பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவைச் சாயங்காலம்தான் திறப்பார்கள். "என் வீட்டு ரேடியோவில் கேட்கலாம், வா" என்றேன்.

"நான் மட்டும் வந்து கேட்டா, அதுவும் நானே கட்டுன கதைம்பாக, டீச்சரம்மா. இவுக அத்தன பேரு காதுலயும் விழுந்தாத்தான் உண்டு."

28ஆம் தேதி இரண்டாம் களை நடந்துகொண்டிருக்கும். இத்தனை பேரும் கொல்லையை விட்டு டவுனுக்கு வருவதாவது. ஆக, ரேடியோதான் கொல்லைக்கு வரவேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

டிரான்சிஸ்டர் ஆசாமிகளை எனக்குப் பிடித்ததே இல்லை. பினாங்கிலிருந்து வந்தவர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார்கள். பாட்டு பாதி, இரைச்சல் பாதி. திருச்சியில் இருபது வருஷம் சரித்திரம் கற்பித்தவள் அதையே தேடி இன்று நம் டவுன் வடக்கு ராஜ வீதியில் நின்றேன்.

கடைக்காரர் உடையப்பன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துத் திருகினார். கணீரென்று பேசிற்று.

"கூரைக்கு அடியில் பேசுகிறது. வெட்டவெளியில்?"

"கண்மாய்க்குள்ள வச்சாலும் பேசுங்க."

"கண்மாய்க்குள் வைக்கப்போவதில்லை. கடலைக் கொல்லையில்."

"கொண்டுபோயிப் பாருங்க. புடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க. நீங்க எங்கிட்டு ஓடிப்போகப் போறீங்க?"

விற்கிறவர் சொல்லை நம்பக் கூடாது. நம்பவில்லை. ஆனால் வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெட்டியைப் பார்த்ததும் எல்லாரும் கொத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நான் திருகப்போனேன். மூக்காயி தடுத்தாள். "புதுச்சாமான், டீச்சரம்மா. வெறும் நெத்தியோடவா?" முந்தானை முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்துப் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். வரப்பைத் துடைத்து, விளக்கை வைப்பதுபோலக் கிழக்கே முகம் பார்க்க வைத்தாள். புதிதாக எது வந்தாலும் அவர்களுக்கு அப்படித்தான் — மண்வெட்டியானாலும் மருமகளானாலும். வாதாடினால் ஒரு மணி நேரம் போகும். விட்டுவிட்டேன்.

திருகினேன். கொர்ரென்ற இரைச்சல். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஒன்று.

"தோசை ஊத்துறாக போல" என்றாள் அழகி. கூட்டத்தில் இளையவள், சிரிப்பை அடக்கத் தெரியாதவள்.

செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். உடையப்பன் பொட்டைத் துடைத்துவிட்டுத் திருகினார். கணீர்.

"இங்க பாடுது. அங்க பாடலைன்னா கோளாறு கொல்லையிலதாங்க இருக்கணும்."

"கொல்லையையும் ரிப்பேருக்குக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னேன். அவற்றை எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 17, சனி

பக்கத்து வீட்டு ஆத்மநாதனுக்கு மகன் பினாங்கிலிருந்து அனுப்பிய செட் ஒன்று இருக்கிறது. ஜப்பான் செய்தது, தோல் உறை. அவரிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று — யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்போல புத்திமதி சொல்லிக் கொடுத்தனுப்பினார். வெயில் படக் கூடாது. தூசி படக் கூடாது. முடிந்தால் யாரும் தொடக் கூடாது.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதல் களை முடிகிற நாள். ஜப்பான் செட்டுக்கும் பொட்டு. அதே வரப்பு, அதே கிழக்கு. அதே தோசை.

ஆக, வெளியில் கேட்கிற நல்ல ரேடியோ என்று ஒன்று கிடையாது. விளம்பரத்தில் மட்டும் உண்டு. நான் ஆரம்பத்தில் நினைத்ததே சரி. சரியாக நினைத்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பக்கத்துக் கொல்லையில் ஏர் பூட்டியிருந்த சேவுகன் வேண்டுமென்றே குரலை உயர்த்தினான்: "என்ன, பாட்டுக்காரி பாட்டு இன்னும் திருச்சியிலேருந்து பொறப்படலையா? பஸ்ஸு கெடைக்கல போல."

"அதுக்கென்னய்யா, நடந்து வருது" என்றாள் மூக்காயி. ஆனால் அவள் குரலிலும் உயிர் இல்லை.

சாயங்காலம் அழகி செட்டைப் பஸ் ரோடு வரைக்கும் தூக்கி வருகிறேன் என்றாள். பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கு வரப்பில் நடந்தாள். நிறுத்த மறந்திருந்தோம். பத்தடி போயிருப்பாள் — ஒரு ஆண் குரல் தெளிவாக, கோழிகளுக்கு வரும் நோய் பற்றிப் பேசிற்று.

எல்லாரும் நின்றுவிட்டோம். வரப்பு வடக்கே திரும்பியது. அழகியும் திரும்பினாள். குரல் போயிற்று.

"எறக்கி வச்சா மூச்சுக் காட்டாது. இடுப்புல வச்சாப் பேசுது. சரியான சவலைப்புள்ள" என்றாள் அழகி. 28ஆம் தேதி ஆள் மாற்றி ஆள் இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம் என்று அங்கேயே முடிவும் ஆகிவிட்டது.

இடுப்பா? என் புத்தி ஏற்க மறுக்கிறது. இடுப்பிலிருந்தபடியேதானே வாயையும் மூடிற்று?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் காப்பிக்கு முன்னாலேயே ஜப்பான் செட்டை முற்றத்து ஸ்டூலில் வைத்தேன். கிழக்கே பார்க்க வைத்தேன்: முணுமுணுப்பு. மெல்ல வடக்கே திருப்பினேன். குரல் வளர்ந்து, முற்றம் நிறைந்தது. மேற்கே: மறுபடி முணுமுணுப்பு. தெற்கே: கணீர். நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். காப்பி ஆறிப்போனது.

திருச்சி நமக்கு வடக்கே இருக்கிறது. பெட்டியின் முகமோ முதுகோ திருச்சியைப் பார்க்க வேண்டும். விலாவைக் காட்டினால் காது கேட்பதில்லை. ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது சரித்திரம். ஆனால் தெரியாவிட்டாலும் திருப்பலாம்.

உடையப்பன் கடை தெற்கு வரிசையில், வடக்கே பார்த்த கடை. மேஜையில் எதை வைத்தாலும் வீதியைப் பார்க்க வைப்பார். அங்கே பாடாமல் என்ன செய்யும்? மேற்கே நடந்த அழகியின் இடுப்பிலும் அது வடக்கையோ தெற்கையோதான் பார்த்திருக்கும்.

நாங்கள் இரண்டு நல்ல பெட்டிகளுக்குப் பொட்டு வைத்து, கிழக்கே திருப்பி உட்கார்த்தி, பேசவில்லை என்று வைதிருக்கிறோம். சிரித்துவிட்டேன். தனியாகச் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

ஆகஸ்ட் 21, புதன்

களை இல்லாவிட்டாலும் போனேன். மூக்காயி வீட்டு வாசலில் செட்டைச் சுற்றிக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"வடக்கே வைக்கலாம்தானே?" என்றேன். தோஷம் கீஷம் என்று ஆரம்பித்தால் என்ன செய்வது என்று ஒரு பயம்.

நன்றாக யோசித்தாள். "வடக்க தல வச்சுத்தான் படுக்கக் கூடாது, டீச்சரம்மா. மூஞ்சி வைக்கலாம்."

தெற்கே பார்த்தும் பாடும் என்பதை நான் சொல்லவில்லை. எமன் திசை வரைக்கும் போக வேண்டாம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆத்மநாதனிடம் செட்டைச் சேதமில்லாமல் ஒப்படைத்தேன். தூசி இருக்கிறதா என்று முகர்ந்தே பார்த்தார். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமானால் உடையப்பன் கடையிலிருக்கிற பெரியதுதான் சரி. மறுபடி வடக்கு ராஜ வீதி.

உடையப்பன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "நீங்க திட்டிட்டுப் போன செட்டுதாங்க. கோவிச்சுக்காம ஒக்காந்திருக்கு."

"நான் சொன்னது தப்பு. செட் நல்ல செட். அதை வைத்த திசைதான் கோளாறு." விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மேஜையில் திருப்பிக் காட்டினேன்.

"அட" என்றார். பிறகு கடையிலிருந்த மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்துத்தான் என்னிடம் பணம் வாங்கும் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தபாலாபீஸில் ரேடியோ லைசென்ஸ். செட் எங்கே இருக்கும் என்று குமாஸ்தா கேட்டார். வரப்பில் என்றேன். திருக்கோகர்ணம் என்று எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரண்டாம் களை நேற்றே தொடங்கிவிட்டது. மழை வரும்போல இருக்கிறது. நாளை மதியம் வரை வராதிருக்கட்டும் — கடலை போட்டவள் எழுதுகிற வாக்கியமா இது?

ஆகஸ்ட் 28, புதன்

மழை இல்லை.

வேப்ப மரத்தடி வரப்பில் பெட்டி. புதுப் பொட்டு. வடக்கே முகம். மூக்காயி ஒரு கல்லை அண்டக் கொடுத்து, யாரும் இனி அசைக்கக் கூடாது என்று உத்தரவிட்டாள். கஞ்சி குடிக்கிற நேரத்தை நிகழ்ச்சிக்காகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். செங்கமலம் மட்டும் தான் களை கொத்தும் நிரையை விட்டு வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கொத்திக்கொண்டே இருந்தாள்.

சேவுகன் கன்றுக்குட்டியைத் தேடி வந்தேன் என்று பனைமரத்தடியில் நின்றான். அவன் கன்றுக்குட்டி அவன் பக்கத்திலேயே நின்றது.

முதலில் ஒரு அம்மாள் ஊறுகாய் கெடாமல் வைப்பது பற்றிப் பேசினார். முடிக்கவே இல்லை.

"இந்தம்மா ஊறுகாயில இடி விழ" என்றாள் அழகி.

நிகழ்ச்சியையே மாற்றிவிட்டிருப்பார்களோ? வேறு கிழமையோ? கார்டைக் கொண்டுவந்திருக்கலாமே. அரசாங்கக் கார்டை நம்பி ஒருத்தியின் மானத்தை நடுக்கொல்லையில் உட்கார்த்திவிட்டேனே —

"அடுத்து, களையெடுப்புப் பாட்டு. பாடுபவர், வல்லத்திராக்கோட்டை ஸ்ரீமதி செங்கமலம்."

"சீமதியாமுல்ல" என்று அழகி துள்ளினாள். எல்லாரும் சிரித்ததில் முதல் அடி காதில் விழாமலே போயிற்று. மூக்காயி ஒரு பிடி மண்ணை அவர்கள்மேல் வீசினாள். அடங்கினார்கள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. "கோரக் கெழங்குக்குக் கொத்து போதும், என் கொறைக்கு என்ன போதும்" — மற்ற அடிகளை எழுதினால் குரல் வராது. பெட்டிக்குள்ளிருந்து வந்தாலும் அது திறந்தவெளிக் குரலாகவே இருந்தது. நான் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கு பார்ப்பதென்று தெரியவில்லை.

சட்டென்று முடிந்துவிட்டது. மூக்காயி மூக்கைச் சிந்தினாள்.

செங்கமலம் எழுந்து வந்தாள். "முடிஞ்சிருச்சா? நல்லாருந்துச்சா?" என்றாள், தான் கேட்கவே இல்லை என்பதுபோல. அவள் கொத்திய நிரையைப் போய்ப் பார்த்தேன். ஐந்தாறு கடலைச் செடியைக் கோரையோடு சேர்த்துப் பிடுங்கிப் போட்டிருந்தாள். விழுது இறங்குகிற செடிகள். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

பனைமரத்தடியில் கன்றுக்குட்டி மட்டும் நின்றது.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஊர் முழுக்க 'சீமதி'தான். தண்ணீர்க் குடம் கேட்டாலும் சீமதி, வெற்றிலை கேட்டாலும் சீமதி. சேவுகன் ஏர் பூட்டவில்லை. திருமயத்துக்கு ஏதோ வேலையாம். "வாங்கன்னு கூப்புடச் சங்கடப்பட்டு ஆளு ஊரை விட்டே போயிட்டான்" என்றாள் மூக்காயி.

அவன் வாக்கைக் காப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிணற்றடியில் சொல்கிற வார்த்தைக்கு என்ன கெட்டி?

ஆகஸ்ட் 31, சனி

களை முடியவில்லை. காலையில் அழகி கேட்டாள்: "பொட்டிய வைக்கவா, இல்ல நீ பாடுறியா?" செங்கமலம் கொத்தைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் பாடத் தொடங்கினாள். பெட்டி சும்மா கிடந்தது. அதற்காகவா இத்தனை அலைந்தேன்? அதற்காகத்தான் போலிருக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

கடைசி நாள் களை. மதியம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன் — வடக்கே பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற அளவில். வெட்டவெளியில் செய்திகூடப் பரவாயில்லை.

வரப்பில் ஆள் வரும் சத்தம். சேவுகன். கையில் தூக்குச்சட்டி. தொண்டையைச் செருமினான்.

"கஞ்சி ஆறுது. வாங்க."

எனக்கு எதற்கு இவன் கஞ்சி என்று நிமிர்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, நிரைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தான்.

களைக்கொத்துகள் அத்தனையும் நின்றுவிட்டன. நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"இருய்யா, இந்த நிரைய முடிச்சுட்டு வாரேன்" என்றாள் செங்கமலம்.