காடிக்கரைச் சுவரில் இரண்டு பெயர்கள்

நாங்குநேரி
10 ஜூன் 2024

மும்பை கோவண்டியில் வசிக்கும் திருமதி ஆஸியா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு முன்பின் தெரியாதவன். பெயர் வானமாமலை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 2006-ஆம் வருஷம் மழைக்காலத்தில் உங்கள் சந்துக்குப் பின்னால் சேற்றில் இரண்டு பெண்களின் உடல் ஒதுங்கியதே, அதில் ஒருத்தி என் மகள் பிரேமலதா. போன மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. போலீஸார் வந்து என்னிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள். எடுத்து வைத்திருந்த எலும்போடு அது ஒத்துப்போனதாம்.

விவரம் சொன்ன இன்ஸ்பெக்டர், பெயர் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் உங்கள் சந்துப் பெண்கள் வருஷா வருஷம் ஒரு நாள் ஒதுக்கிச் சோறு ஆக்கிப் போடுகிறார்கள் என்றும், அதை ஆரம்பித்தது நீங்கள்தான் என்றும் சொன்னார். உங்கள் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குக் காது மந்தம், போனில் பேசினால் விளங்காது. அதனால் எழுதுகிறேன்.

லதா புருஷன் வீட்டு அடி பொறுக்க மாட்டாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். இங்கே சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியோடு பம்பாய்க்கு வந்தாள். ஹோட்டலில் வேலை என்றாள். பக்கத்துக் கடைக்கு போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசுவாள். அந்த வருஷப் பொங்கலுக்குப் பேசியதுதான் கடைசி. நான் போட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை தாராவிக்கு வந்து, நம் ஊர்க்காரர்கள் இருக்கிற தெருவெல்லாம் அலைந்தேன். இங்கே ஊரில், எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அவள் புருஷன் வீட்டார் கட்டிவிட்ட கதைதான் நின்றது. அதைக் கேட்டுக் கேட்டே அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு பேரில் என் மகள் எவள்? அவள் நல்ல உயரம். உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?

தங்கள் நன்றி மறவாத,
வானமாமலை


கோவண்டி, மும்பை
24 ஜூன் 2024

மரியாதைக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

ஆஸியா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் மனசுக்கு அமைதி வேண்டி துஆ செய்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். எட்டாவது வரை அங்கேதான் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஸ்கூல் பை தைக்கிறேன். தமிழில் கடிதம் எழுதி ரொம்ப நாளாகிறது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உயரமானவள்தான் உங்கள் மகள். இன்ஸ்பெக்டரிடம் நானே கேட்டு உறுதி செய்துகொண்டேன். நாங்கள் அவளைப் பெரியவள் என்போம். மற்றவள் சின்னவள். வேறு எப்படிக் கூப்பிடுவது?

எங்கள் சந்து காடியில் போய் முடிகிறது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி வரும் கழியைத்தான் இங்கே காடி என்பார்கள். அன்றைக்குப் பெரிய அலை. தண்ணீர் இறங்கினதும் பெண்கள் சத்தம் கேட்டு ஓடினேன். ஆண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் துப்பட்டியை எடுத்து ஒருத்தியை மூடினேன். பக்கத்து வீட்டு அம்மிணி தன் சேலையைக் கொண்டுவந்து இன்னொருத்தியை மூடினாள். போலீஸ் வந்து எந்த மதம் என்று கேட்டது. யாருக்குத் தெரியும்? அதனால் அம்மிணி தேங்காய் உடைத்தாள், நான் ஃபாத்திஹா ஓதினேன்.

இப்போது பெயர் தெரிந்துவிட்டது. சின்னவள் பெயர் அபயாம்பாள், மாயவரம் பக்கம். அவள் அண்ணனுக்குப் போலீஸ் போன் செய்ததற்கு, எங்களுக்கு அப்படி யாரும் இல்லை, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று வைத்துவிட்டாராம்.

செம்பூரில் அவர்களோடு ஒரே அறையில் இருந்த ஷ்யாமளா என்பவளைப் போய்ப் பார்த்தேன். உங்களிடம் மறைக்கக் கூடாது அண்ணாச்சி. அது ஹோட்டல் இல்லை, பார். உங்கள் மகள் தட்டு எடுத்தாள், அபயாம்பாள் ஆடினாள். ஆடக்கூடாது என்று சர்க்கார் தடை போட்ட பிறகு அந்த பார் நொடித்துப்போய் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. தினமும் இவர்களை வீட்டில் கொண்டு விடுகிற ஆட்டோக்காரன், வாஷியில் வீட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப் போயிருக்கிறான். போட்டிருந்த நகைக்காகக் கொன்றிருக்கிறான். ஷ்யாமளா அப்போதே ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாள். 'பார்வாலி தானே, வேறு ஊருக்குப் போயிருப்பாள்' என்று விரட்டிவிட்டார்களாம். அவன் இத்தனை வருஷமும் இதே ஊரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் இன்னொருத்தியைக் கொன்று மாட்டிக்கொண்ட பிறகுதான் இதுவும் வெளியே வந்தது.

இந்த வருஷம் அந்த நாளில் காடிக்கரைச் சுவரில் இருவர் பெயரையும் எழுதப் போகிறோம். அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதி அனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் வாசிக்கிறேன்.

அன்புடன்,
ஆஸியா


நாங்குநேரி
12 ஜூலை 2024

அன்பு மகள் ஆஸியாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உன்னை மகளே என்று எழுதக் கை தானாக வந்துவிட்டது. பொறுத்துக்கொள்.

என் குழந்தை மானத்தை மூட நீ உன் துப்பட்டியைக் கொடுத்தாய். அப்படிப்பட்டவளிடம் இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சுவரில் பெயர் எழுத வேண்டாம் அம்மா.

என் மகன் இசக்கிதுரையின் மகள் கீதாவுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வருகிறது. ஆவணியில் நிச்சயம். பெயரை எழுதினால் யாராவது போட்டோ எடுப்பார்கள், போனில் சுற்றும், பார் என்கிற வார்த்தையும் கூடவே வரும். இசக்கிதுரை என் எதிரே உட்கார்ந்து சொன்னான். 'செத்தவளுக்கு எதுக்குப்பா பேரு? இருக்கவளுக்குக் கல்யாணம் ஆகணும்லா.' இந்த வயதில் அவன் வீட்டுச் சோறுதான் சாப்பிடுகிறேன்.

எப்போதும் போலப் பெரியவள் என்றே சொல்லுங்கள். அவளுக்கு அது போதும்.

லதாவைப் பற்றி நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
வானமாமலை


கோவண்டி, மும்பை
29 ஜூலை 2024

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்கு,

நீங்கள் கேட்டது என்னால் முடியாது. நேற்று எழுதிவிட்டோம். பிரேமலதா, அபயாம்பாள். தமிழிலும் ஹிந்தியிலும். பெயருக்குக் கீழே, கொலை செய்யப்பட்டவர்கள் என்று போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் சலாவுதீன்தான் பெயிண்ட் கலக்கிக் கொடுத்தார்.

இங்கேயும் தடுத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் பில்டிங் வரப் போகிறது, கொலை என்று எழுதினால் இடத்துக்குக் கெட்ட பெயர் என்று ஒரு கட்சிக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மிணி தூரிகையைக் கீழே வைக்காமலே அவரிடம் கேட்டாள். 'கொன்னப்ப வராத கெட்ட பேரு, எழுதினா வருமா?' அவர் போய்விட்டார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். பெரியவள் என்பது நாங்கள் வேறு வழியில்லாமல் வைத்தது. அது பெயர் இல்லை. பெயர் தெரியாத வரைக்கும் அவள் செத்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸ் சொல்லவில்லை, பார் முதலாளி சொல்லவில்லை, அந்தப் பாவி சவாரி ஏற்றிக்கொண்டு திரிந்தான். இப்போது பெயர் கிடைத்த பிறகும் நாமே அதை மூடி வைத்தால் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பார் என்கிறீர்கள். நான் பை தைக்கிறேன், அவள் தட்டு எடுத்தாள். இன்னொருத்தி ஆடினாள். மூன்றும் வேலை. கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன். அவன் வக்கீல், இப்படிப்பட்ட பெண்கள் எங்கே வேண்டுமானாலும் போவார்கள், யாரோடும் போவார்கள் என்று எழுந்து நின்று பேசுகிறார். அவருக்கு எதிரே பெற்றவர் கூடப் பிறந்தவர் என்று ஒரு ஆள் இல்லை. பின் பெஞ்சில் நானும் ஷ்யாமளாவும்தான்.

கீதாவுக்கு நல்லது நடக்கட்டும். நான் துஆ செய்கிறேன். ஆனால் அத்தையின் பெயரை அழித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைக்குப் பந்தல் போட வேண்டுமா?

ஆஸியா


கோவண்டி, மும்பை
20 செப்டம்பர் 2024

அண்ணாச்சிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உங்கள் மகன் போன் செய்தார். பெயரை அழிக்காவிட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்றார். போடுங்கள், கோர்ட் எனக்குப் பழகிப்போய்விட்டது என்றேன். என் மகள் மர்யம் பயந்துவிட்டாள். இனிமேல் இதில் தலையிடாதே அம்மா என்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான் சொன்னேன்.

மழையில் எழுத்து கொஞ்சம் வெளிறிவிட்டது. மறுபடி எழுதினோம். நீங்கள் இனி எழுதாவிட்டாலும் நான் வாய்தாவுக்குப் போவேன். உங்களுக்கு இது கடைசிக் கடிதமாக இருந்தால், மகளே என்று எழுதியதற்கு நன்றி.

ஆஸியா


நாங்குநேரி
14 அக்டோபர் 2024

அன்பு மகள் ஆஸியாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுத முகம் இல்லாமல்தான் இருந்தேன். இப்போது இருக்கிறது.

கீதாவின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், பம்பாய்க் கேஸில் வருகிற பெண் உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டார். இசக்கிதுரை, எனக்குக் கூடப் பிறந்தவர்களே கிடையாது, நான் ஒரே பிள்ளை என்றான். எனக்குத்தான் காது கேட்காதே, ஆனால் அது கேட்டது. நான் எழுந்துவிட்டேன்.

'எனக்குப் பிள்ளைக ரெண்டு. மூத்தவ பேரு பிரேமலதா. பம்பாயில பார்ல வேலை பாத்தா. அவ எவங்கூடயும் ஓடல. அவளக் கொன்னு சேத்துல போட்டுட்டான்.'

இவ்வளவுதான் சொன்னேன். தாம்பூலத் தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். சம்பந்தம் முறிந்தது. கீதா இன்னும் என்னோடு பேசவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் சொன்னது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

மறுநாளே வள்ளியூருக்குப் போய் அச்சாபீஸில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சொன்னேன். இங்கே யார் செத்தாலும் ஒட்டுகிறார்கள், என் மகளுக்கு மட்டும் ஒட்டவில்லை. அச்சாபீஸ் தம்பி வழக்கம் போல 'இறைவனடி சேர்ந்தார்' என்று கோர்த்துக் காட்டினான். 'சேரல தம்பி. கொன்னாங்க. அப்படியே போடு' என்றேன். தயங்கினான், பிறகு போட்டான். லதாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கேட்டேன். அதில் படம் இல்லாமல் அபயாம்பாள் என்று பெயர் மட்டும். இது யார் என்றான். அதுவும் என் பிள்ளைதான் என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் நானே பசை தடவி ஒட்டினேன். நான் பல வருஷம் டிக்கெட் கிழித்த ஊர் இது, என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். லதாவின் புருஷன் வீட்டுத் தெருவில் மட்டும் இரண்டு சேர்த்து ஒட்டினேன். சாயங்காலம் இசக்கிதுரை எல்லாவற்றையும் கிழித்துவிட்டான். மறுநாள் மறுபடி ஒட்டினேன். அவன் மறுபடி கிழித்தான். மூன்றாம் முறை அவன் கை வைக்க வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண்கள் எழுந்து குறுக்கே நின்றுகொண்டார்கள். இப்போது அங்கேயே இருக்கிறது. நானும் அவன் வீட்டில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். நீ ஊருக்கு வந்தால் இங்கே தங்கலாம், சௌகரியம் குறைவு.

நீ கேட்ட நாலு வார்த்தை இதோ. லதாவுக்கு யாராவது தப்பான பாக்கிச் சில்லறை கொடுத்தால் பஸ்ஸை நிறுத்திச் சண்டை போடுவாள், தானும் ஒரு கண்டக்டர் மகள் என்று கூடப் பார்க்க மாட்டாள். அடிக்கிறவனோடு இருக்க மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், பிறகு இருக்கவில்லை. அடுத்த வருஷம் இதை வாசி. முடிந்தால் நானே வந்து வாசிக்கிறேன்.

அதற்கு முன்னால் நவம்பர் வாய்தாவுக்கு ரயிலில் வருகிறேன். தாதரில் இறங்கிக்கொள்வேன், சலாவுதீன் தம்பியை அனுப்பு. முன் பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வை. அந்த வக்கீல் இப்படிப்பட்ட பெண்கள் என்று ஆரம்பிக்கும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டு பேசட்டும். அபயாம்பாளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கோர்ட்டில் கேட்டால் என் பெயரைக் கொடு.

இப்படிக்கு,
பிரேமலதா, அபயாம்பாள் இருவருக்கும் தகப்பன்,
வானமாமலை