எறும்பு குடியிருந்த கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மணிமொழி வணக்கத்துடன் எழுதுகிறேன். நான் திருவண்ணாமலையில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று கீழ்பென்னாத்தூர் விவசாயி அப்பாதுரை, உயிரே வராத கம்ப்யூட்டரை எங்கள் செங்கம் ரோட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். ஊர்க் கிணறுகளின் தண்ணீர் மட்டத்தைப் பதினோரு வருடமாக அளந்து அதில் ஏற்றியிருக்கிறார். வேறு நகல் இல்லை.

"எல்லாம் போச்சாம்மா?" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்று ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிணறுகள் ஒவ்வொன்றாகப் பெயரோடு திரையில் வந்தன. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நகல் எடுத்தபின் கோளாறைத் தேடினேன். பவர் சப்ளை பெட்டிக்குள் எறும்புக் கூட்டம்! வேறு பெட்டி மாட்டியதும் கம்ப்யூட்டர் ஓடியது. கையில் நாலைந்து கடி, அவ்வளவுதான், பயப்படாதீர்கள். தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் எறும்புக்கு என்ன வேலை என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்த மாதமும் லீவு இல்லையாம். அம்மாவின் பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். யார் யார் கிணற்றுத் தண்ணீர் மட்டமோ தெரிந்துவிட்டது, நம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. அளந்து எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம், உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
மணிமொழி